பூனைக்குட்டியை முதன்முதலாகக் காட்டப் போன அல்சூர் மருத்துவமனை

பெங்களூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடங்களுக்குக் குறைவில்லை. பூனைகளுக்கும் பார்க்கிறோம் என்று பலகையில் எழுதியிருக்கும் இடங்களும் நிறைய உண்டு. ஆனால் குட்டியை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு வரப்போகும் வீட்டாரிடம், வருவதற்கு முன் என்னென்ன செய்துவைக்க வேண்டும் என்று தொலைபேசியிலேயே பொறுமையாகச் சொல்லித்தரும் இடம், எனக்குத் தெரிந்து, அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் இந்தச் சிறிய மருத்துவமனை ஒன்றுதான். மருத்துவரின் கைராசியையும் கட்டடத்தின் பளபளப்பையும்விட அந்த முன்னேற்பாட்டைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். பரிசோதனை அமைதியாக நடந்ததற்கும், யார் கையிலும் பிறாண்டல் விழாமல் வீடு திரும்பியதற்கும் காரணம் அதுவே. குறைகளும் உண்டு. அவற்றையும் எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், வண்டிகளுக்கு நடுவே தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த குட்டி அது. கருப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தைப் பார்த்து என் மகள் அதற்கு ராகி என்று பெயர் வைத்தாள். நேரம் கேட்பதற்காக மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்த உதவியாளர் கன்னடத்தில் ஆரம்பித்தார். என் கன்னடத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்டார். நேரத்தைக் குறித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, குட்டி எங்கே கிடைத்தது, வீட்டில் வேறு விலங்குகள் இருக்கின்றனவா, என்ன சாப்பிடுகிறது, மலம் கட்டியாகப் போகிறதா, தும்மல் இருக்கிறதா, வீட்டில் யாரையாவது கடித்ததா அல்லது பிறாண்டியதா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவ்வப்போது தும்முகிறது என்றேன். "இங்க வந்தா பயத்துல அது தும்மாதுங்கம்மா, வீட்லயே ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கங்க" என்றார். எளிய யோசனைதான் என்றாலும் அதன் மதிப்பு அறைக்குள் போன பிறகு தெரிந்தது. பூனை தன் நோயை அந்நியர் முன் மறைத்துக்கொள்ளும் பிராணி. வீட்டில் நொண்டுவதும் இருமுவதும் மருத்துவர் மேசையில் காணாமல் போய்விடும்.

அடுத்து அவர் பேசியது கூடையைப் பற்றி. உண்மையில் அந்த உரையாடலின் பாதி நேரம் கூடைக்கே போனது, அது நியாயமும்கூட. கடைகளில் இப்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் பைகள் நிறைய விற்கின்றன. முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் வைத்து, அதன் வழியே பூனை ஊரை வேடிக்கை பார்ப்பதுபோல விளம்பரப் படம் இருக்கும். பயந்த குட்டிக்கு ஒளிந்துகொள்ள இடம் தராமல் நாலு பக்கமும் காட்சிப்படுத்தும் அந்தப் பைகள் பார்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதே என் கருத்து. மருத்துவமனையில் பரிந்துரைத்தது கெட்டியான பிளாஸ்டிக் கூடை. பக்கவாட்டுக் கொக்கிகளை எடுத்தால் மேல்பாதி தனியாகக் கழன்று வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குட்டியைக் கதவு வழியாகக் கையைவிட்டு இழுக்காமல், மூடியை எடுத்துவிட்டு அடிப்பாதியில் அது உட்கார்ந்திருக்கும்போதே பரிசோதிக்கலாம் என்பது அதற்கான காரணம்.

கூடையை வாங்குவதைவிட அதைக் குட்டிக்குப் பழக்குவதுதான் பெரிய வேலை. பரணில் வைத்துவிட்டுப் போகிற அன்று மட்டும் இறக்கினால், கூடை வந்தாலே ஊசி என்று பூனை கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆகவே கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் வைத்து, குட்டி படுத்துப் பழகிய பழைய போர்வைத் துண்டை உள்ளே விரித்து, சாப்பாட்டுத் தட்டை முதலில் கூடை வாசலிலும் பிறகு சிறிது சிறிதாக உள்ளேயும் நகர்த்தச் சொன்னார்கள். அது தானாகவே உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டி, சில நொடிகள் மூடித் திறந்து, பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழக்க வேண்டும். நாற்காலி போட இடமில்லாத கூடத்தில் பூனைக்குப் பல்லக்கா என்று மாமியார் முணுமுணுத்தார். ஆனால் தட்டை நகர்த்தும் பொறுப்பைக் கடைசியில் ஏற்றுக்கொண்டவரும் அவர்தான்.

ஆட்டோவில் போவதற்கும் தனிக் குறிப்புகள் இருந்தன. கூடையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடும். அடியில் கை கொடுத்து மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், உட்கார்ந்தபின் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காரில் போனால் முன் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடம்தான் ஆடாத இடம். மேலே மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்தினால் போதும், காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. மருந்துக் கடையில் படுக்கை நோயாளிகளுக்கு விற்கும் உறிஞ்சு விரிப்பு ஒன்றை அடியில் போட்டு, மாற்றுவதற்கு இன்னொன்றையும் வீட்டு வாசனையுள்ள துணியையும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழைய மெட்ராஸ் சாலையில் மாலை நேரத்தில் சிக்கினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊரார்க்குத் தெரியும் என்பதால், மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் பூனைகளுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் நாய்கள் குறைவு. குறைவு என்றுதான் சொல்ல முடியும்; அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் பலருக்கும் குழப்பம் உண்டு. வாந்தி எடுக்கும் என்று பயந்து காலையிலிருந்தே பட்டினி போட்டு அழைத்துவருவோர் இருக்கிறார்கள். சிறு குட்டிகளின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நெடுநேரம் வயிறு காய்ந்தால் சோர்ந்து விழுந்துவிடும். வழக்கமான உணவில் பாதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கொடுத்து, மீதியைச் சிறு டப்பாவில் எடுத்துவரச் சொன்னார்கள். லேசான பசியோடு இருந்தால், மேசையில் வைத்ததும் நீட்டுகிற உணவை அது முகர்ந்தாவது பார்க்கும். என்ன உணவு தருகிறோம் என்பதை வாயால் சொல்லாமல், பொட்டலத்தின் முன்னும் பின்னும் படம் எடுத்து வரச் சொன்னதும் நல்ல பழக்கம். பால் கொடுக்கிறீர்களா என்று அவரே கேட்டார். பூனை என்றால் பால் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. தாய்ப்பாலை மறந்த குட்டிக்குப் பசும்பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பது கடினம். பல வீடுகளில் ஓயாத வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணமாக இருக்கிறது.

மலத்தைக் கொண்டுவரச் சொன்னபோது என் கணவர் முகம் சுளித்தார். அன்று காலை போனதில் சுண்டைக்காய் அளவு, மூடியுள்ள சிறு டப்பாவில், காய்ந்துபோகாமல் இருந்தால் போதும், மணல் ஒட்டியிருந்தாலும் பாதகமில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புழு முட்டைகளும் காக்சிடியா போன்ற ஒட்டுண்ணிகளும் தெரியும். இன்னொன்றையும் பழக்கிவைக்கச் சொன்னார்கள்: குட்டி தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது காது மடலை மெல்லத் திருப்புவது, உதட்டை ஒரு நொடி உயர்த்துவது, பாதத்தை அழுத்தி நகத்தை வெளியே வரச் செய்வது, ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு துளி உணவு கொடுப்பது. மருத்துவர் செய்யப்போவதும் இவைதான் என்பதால், அந்நியக் கை பட்டாலும் அது புதிதாகத் தெரிவதில்லை.

இனி மருத்துவமனைக்குள். காத்திருக்கும் கூடம்தான் இங்கே மிகப் பெரிய குறை. ஒரே கூடம், ஒரே நீள பெஞ்சு. மதிய நேரம் பூனைகளுக்கு என்று சொன்னாலும், அவசரமாக வரும் நாயைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது நியாயம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மரத் தட்டியாவது போடக்கூடாதா? நாங்கள் உட்கார்ந்திருந்தபோது வந்த லாப்ரடார் ஒன்று, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, கூடையின் கம்பிக் கதவில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. ராகி போர்வைக்குள் சுருண்டுகொண்டாள். உதவியாளராக இருக்கும் பெரியவர் ஓடிவந்து, "கூடையக் கீழ வைக்காதீங்கம்மா, மேசை மேல வைங்க, நம்ம பக்கம் திருப்பி வைங்க" என்று சொல்லித் துண்டை இழுத்து மூடினார். தரையில் வைக்கக் கூடாது என்பதற்கு நாய் மட்டும் காரணமல்ல. பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற நோயின் வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கக்கூடியது. கைக்குத் தடவும் சாராயக் கலவைக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசி போடாத குட்டி இப்படிப்பட்ட இடத்தில் தரையைத் தொடாமல் இருப்பதே நல்லது. பரிசோதனை மேசையை ஒவ்வொரு பிராணிக்குப் பிறகும் கரைசலால் துடைத்து, ஈரம் காயும்வரை அடுத்தவரை அழைக்காமல் இருந்ததைப் பார்த்ததும் கூடத்தின் மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது.

டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடையின் மூடியைக் கழற்றி, உடனே கை வைக்காமல் எங்களோடு பேசிக்கொண்டே நின்றார். பிடரியைப் பிடித்துத் தூக்கும் பழைய வழக்கம் அங்கே இல்லை. ஒரு துண்டை மட்டும் தோளைச் சுற்றிப் போட்டார். முதலில் எடை: ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குட்டிகளுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு உதட்டை உயர்த்திப் பற்களைப் பார்த்தார். பால்பற்கள் 26-உம் முளைத்துவிட்டன, முன்பற்கள் இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. எடையையும் சேர்த்துப் பார்த்து ஒன்பது, பத்து வாரம் இருக்கும் என்று முடிவு செய்தார். பெண்தான் என்பதை வாலைத் தூக்குவதற்கு முன்பே சொன்னார். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், கருப்பும் ஆரஞ்சும் கலந்த பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்களாகத்தான் இருக்கும். காதுக்குள் காப்பித்தூள் போலக் கருத்த அழுக்கு இருந்தது. பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நகரும் காதுப்பேனை என் மகளுக்கும் காட்டினார். வெப்பநிலை இயல்பாக இருந்தது, பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு என்பதால், நம் உடம்புக் கணக்கை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பதற வேண்டியதில்லை.

வீடியோவைப் பார்த்த பிறகு அவர் எடுத்த முடிவுதான் இந்த மருத்துவமனையைப் பற்றி எனக்கு நம்பிக்கை தந்தது. தும்மலும் மூக்கில் லேசான நீரும் இருப்பதால் அன்று தடுப்பூசி போடவில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் காதுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து, தும்மல் அடங்கியபின் வரச் சொன்னார். அலைந்து திரிந்து வந்தும் ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வோரை நான் பார்த்திருக்கிறேன். ஊசி என்பது கடைச் சரக்கு அல்ல; உடல்நிலை சரியில்லாத குட்டிக்கு அதைத் தள்ளிவைப்பதும் மருத்துவரின் வேலையே. ஊசிக்கான பணத்தை அன்றே வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

வயிற்றுப் பூச்சி மருந்தை எடை பார்த்து அளந்து வாயில் ஊற்றினார்கள். உருண்டைப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுவதால், மலத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மருந்து தேவை. ஆறு மாதம் ஆகும்வரை குறித்த இடைவெளியில் தொடர வேண்டும். உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, சீப்பால் வாரி விழுந்த கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தார். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். கரைந்தது. அந்தச் சமயத்தில், ஒரு செல்லப்பிராணிக் கடையில் எங்களுக்கு விற்ற சொட்டு மருந்தைக் காட்டினோம். நாய்க்கானதுதான், பாதி போட்டால் பூனைக்கும் போதும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்லியிருந்தார். டாக்டரம்மா அட்டையைப் படித்து, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயருக்குக் கீழ் பேனாவால் கோடு போட்டு, பூனைக்கு இது வலிப்பை வரவழைத்து உயிரையே எடுக்கக்கூடியது என்றார். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாரசிட்டமாலும் அப்படியே. பூனையின் கல்லீரலால் அதைக் கையாள முடியாது, ஒரே ஒரு மாத்திரைகூடக் கொல்லும். முதல் முறை போகும்போது வீட்டிலிருக்கும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னதன் பயன் இதுதான்.

அடுத்த முறை போனபோது தடுப்பூசி போட்டார்கள். மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எங்கள் கண் முன்னே எடுத்தார்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, பெட்டியின் மேல் வெப்பநிலை காட்டும் சிறு திரையும் இருந்தது. குப்பியிலிருந்த ஒட்டியைக் கிழித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, கையெழுத்திட்டுத் தேதி போட்டார்கள். தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அந்த ஒட்டியில்தான் இருக்கும். வேறெங்கு போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஊசியில் முடியாதா என்று கேட்டதற்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்வரை ஊசி மருந்தை அது செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால், 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று விளக்கினார். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகு. ஊசி போட்டதும் கிளம்பவிடாமல் கால் மணி நேரம் உட்காரவைத்து, முகம் வீங்குகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

தெருவில் கிடைத்த குட்டி என்பதால் வீட்டு மனிதர்களைப் பற்றியும் அவர் பேசினார். கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ, சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மனித மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் கூடாது. விலங்கு மருத்துவர் இதைச் சொல்லித்தர வேண்டிய கட்டாயமில்லை, சொன்னார்.

கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை. ஆலோசனை, மலப் பரிசோதனை, மருந்து என்று ரசீதில் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் கேட்டாலும் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மருந்து விற்கும் முகப்பில் இருப்பவர், டாக்டரம்மா எழுதாத விலையுயர்ந்த உணவுப் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்ட முயன்றார். வேண்டாம் என்றதும் எடுத்துவிட்டார் என்றாலும், கூச்சப்படும் ஆட்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். தடுப்பூசிப் புத்தகமும் மருந்து தரும் முறைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது இன்னொரு குறை. பகலில் வீட்டில் இருந்து காதுச் சொட்டு விடப்போகிறவர் என் மாமியார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கன்னடம். மூன்று மொழி பேசும் தெருவில் இருந்துகொண்டு ஒரு பக்கத் தாளை மூன்று மொழியில் அச்சடிப்பது பெரிய செலவாகாது. இரவில் அவசரம் என்றால் இங்கே ஆள் கிடையாது, தொலைபேசியையும் எடுப்பதில்லை. இரவில் எங்கே போக வேண்டும் என்பதை முதல் வருகையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குக் குயின்ஸ் சாலையில் அரசு உயர்சிறப்புக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. எலும்பு முறிவு, பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் நானே அங்குதான் யோசிப்பேன். நல்ல உடல்நிலையிலுள்ள குட்டியின் முதல் வருகைக்கு, வீட்டுக்கு அருகில், கூட்டம் குறைந்த சிறிய இடமே எனக்குச் சரியாகப்படுகிறது.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இந்த மருத்துவமனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்ற பிராணிகளைக் கண்டு மிரளும் நாய் வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கூடம் மாறும்வரை, பரிந்துரைக்க மாட்டேன். போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் அழைத்தால் அந்தப் பெரியவரே எடுப்பார். முதல் வருகை என்று சொல்லி, மதிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை, ஆட்டோவே வசதி. உள்ளே போனதும் பெஞ்சில் உட்காராமல் வலதுபுறம் எடைக் கருவிக்குப் பக்கத்திலுள்ள மேசையில் கூடையை வைத்துக்கொள்ளலாம். கூட்டம் இருந்தால் வெளியே ஆட்டோவிலேயே காத்திருக்கிறோம் என்று சொன்னாலும் முறை வரும்போது வந்து கூப்பிடுகிறார்கள்.